காசியில் விட்டது

காசிக்கு வந்தால் எதையாவது விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். எங்கள் பாட்டி முன்பு வந்தபோது பாகற்காயை விட்டார்கள். அதற்கு முன்பும் அவர்கள் பாகற்காய் சாப்பிட்டதை யாரும் கண்டதில்லை. இங்கே படிக்க வந்த நான் எதை விட்டேன் என்று அன்பர்களுக்குச் சொல்லத்தான் இக்கட்டுரை.

சென்ற ஆண்டு நானும் அறை நண்பர்கள் இருவரும் பங்கு போட்டு ஒரு பழைய மாருதி 800 வாங்கினோம். 2008-ஆம் ஆண்டு வண்டி. மூன்று சிலிண்டர், 796 சி.சி. மழைக்காலத்தில் இரண்டு வாரம் கொட்டகையில் சும்மா நின்றது. அதற்குள் எலிகள் அதில் குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தன. பிறகு சாவியைத் திருப்பினால் யந்திரம் சுற்றும், ஆனால் பற்றாது. நம் பல்கலைக்கழக வாசலில் லங்கா என்றொரு பேட்டை இருக்கிறதல்லவா? அங்கே ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் போய்விட்டது" என்று கையை விரித்தார். புதுப் பெட்டிக்கு அவர் சொன்ன விலை, நாங்கள் கார் வாங்கிய விலையில் பாதி.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை உதித்தது. 1983-இல் முதன்முதலாக வந்தபோது இந்தக் கார் கார்புரேட்டருடன்தான் வந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான் இன்ஜெக்ஷன் ஏறியது. அந்தப் பழைய உறுப்புகளைப் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து மாட்டிவிட்டால் என்ன? செலவு குறையும் என்று நண்பர்களிடம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு.

என் அப்பா கோவில்பட்டியில் கார்புரேட்டர் மெக்கானிக்காக இருந்தவர். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு, "ஜெட் அடைச்சிருக்கு" என்பார், அடைத்துத்தான் இருக்கும். இன்ஜெக்ஷன் வண்டிகள் பெருகப் பெருகப் பட்டறை இளைத்தது. நான் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது அதை மூடிவிட்டு, உதிரி பாகக் கடையில் வேலைக்குப் போனார். அன்று முதல் இன்ஜெக்ஷன் என்ற சொல்லே எனக்குப் பகை. காலமாகிவிட்ட பாட்டியின் காரியத்துக்காக அவர் காசிக்கு வருவதாக எழுதியிருந்தார். வந்ததும் ஒரு கார்புரேட்டர் வண்டியை அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வேலை நினைத்த அளவு எளிதாக இல்லை. கார்புரேட்டருக்கு மின்சாரம் வேண்டாம். குறுகிய தொண்டை வழியே காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கிண்ணத்திலுள்ள பெட்ரோல் ஜெட் வழியே மேலேறிக் காற்றோடு கலக்கிறது. மாடித் தண்ணீர்த் தொட்டியில் இருப்பது போன்ற ஒரு மிதவை அந்தக் கிண்ணம் நிரம்பியதும் வழியை அடைக்கும். நாங்களோ இன்ஜெக்ஷனுக்கான மின் பம்பை அப்படியே விட்டுவிட்டோம். அது வளி அழுத்தத்தைப் போல் சுமார் மூன்று மடங்கு வேகத்தில் தள்ள, மிதவை தோற்று, பெட்ரோல் யந்திரத்தின் மேலேயே வழிந்தது. தீப்பிடிக்காதது விசுவநாதர் அருள். பிறகு பழைய பம்பு, பழைய மானிஃபோல்டு, பொறி விழும் நேரத்தையும் கம்ப்யூட்டரே பார்த்து வந்ததால் பழைய டிஸ்டிரிபியூட்டர் என்று ஒவ்வொன்றாகத் தேடி மாட்ட மூன்று வாரமாயிற்று.

காரியம் முடிந்த மறுநாள் அப்பாவை அழைத்து வந்தேன். காதைச் சாய்த்துக் கேட்டார். திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினார். இருமிக்கொண்டிருந்த வண்டி தாலாட்டுப் போல் ஓடிற்று. அவர் முகத்தில் பழைய பட்டறைச் சிரிப்பு. பிறகு சைலன்சர் பக்கம் போய் முகர்ந்து பார்த்தார். சிரிப்பு நின்றது.

"புகைச் சோதனை பண்ணிப் பாப்போமா, தம்பி?"

கார்பன் மோனாக்சைடு 2.1 விழுக்காடு என்று சீட்டு வந்தது.

"பழைய கார்புரேட்டர் வண்டின்னா 3 வரைக்கும் விடுவாங்க. இது அந்தக் காலத்து வண்டி இல்லையே. இதுக்கு 0.5தான். இன்னும் பெட்ரோலைக் குறைச்சா நின்னு போகும்."

சைலன்சருக்கு முன்னால் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி ஒன்று இருக்கிறது. எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கை ஒட்டிக் கலவை இருந்தால்தான் அது சரியாக வேலை செய்யும்; எரியாத பெட்ரோல் போய்ச் சேர்ந்தால் சூடேறிக் கெட்டுவிடும் என்றெல்லாம் விளக்கினார். நான் வியந்து போனேன்.

"எட்டு வருஷமா கடையில அதைத்தானே விக்கிறேன்? விக்கிற பொருளைத் தெரிஞ்சுக்க வேண்டாமா? புகையில மிச்சமிருக்கிற ஆக்சிஜனை ஒரு சென்சார் மோந்து பாத்துச் சொல்லுது. கம்ப்யூட்டர் உடனே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்குது. நான் காதால கேட்டு எப்பவோ ஒரு தரம் திருப்பினதை, அது ஓடுற நேரமெல்லாம் திருப்பிக்கிட்டே இருக்கு."

"உங்கள் பட்டறையை மூடியதும் அதுதானே, அப்பா?"

சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"வருத்தம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். முப்பது வருஷம் அந்தப் புகையைக் குடிச்சவன் நான். பெட்ரோல்ல ஈயம் கலக்குறதே 2000-லதான் நின்னுச்சு. எனக்காக நீ இந்த ஊர்ச் சனங்களுக்கு அதைக் குடுக்கணுமா? கழட்டின சாமானெல்லாம் எங்கே?"

கட்டிலுக்கு அடியில் சாக்கில் இருந்தன. கம்பிக் கற்றையை விடுதித் தாழ்வாரத்தில் நீளமாக விரித்தார். ஒரு பாட்டரி, ஒரு சிறு பல்பு, அவ்வளவுதான் கருவி. ஒவ்வொரு கம்பியாக இரண்டு நாள் சோதித்தார். கம்ப்யூட்டருக்கு எர்த் கொடுக்கும் கம்பியை, சுற்றியிருந்த டேப்புக்கு அடியில், எலி கடித்து வைத்திருந்தது. பெட்டி பழுதாகவே இல்லை! அவர் ஊருக்குப் புறப்படுவதற்கு முன், எல்லாவற்றையும் திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பினோம். முதல் திருப்பிலேயே பற்றியது. அப்பா வழக்கம்போல் காதைச் சாய்த்தார். திருப்ப ஒரு திருகாணியும் இல்லாததால் கையைத் துடைத்துக்கொண்டார்.

ரயிலடியில், "உங்க பாட்டிக்காக நான் நெல்லிக்காயை விட்டுட்டேன். நீ எதை விட்டே?" என்று கேட்டார்.

"கார்புரேட்டரை" என்றேன்.

அவர் பெட்ரோலில் கழுவித் துடைத்துக் கொடுத்த அந்தக் கார்புரேட்டர் இன்று என் மேசைமேல் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று அறிய விரும்பும் அன்பர்கள் மாலையில் என் அறைக்கு வரலாம். காட்டுகிறேன், காரில் மட்டும் மாட்ட மாட்டேன்.