ஞாயிற்றுக்கிழமைக் கணினி வகுப்பு

வடகொழும்பில், களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்துக்கு அணித்தாய், தோட்டம் என்று ஊரார் வழங்கும் குடியிருப்பொன்று உண்டு. தேயிலையோ தென்னையோ விளையும் தோட்டமன்று. மனிதர் நெருங்கி வாழும் தோட்டம். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிநின்று வழிவிட வேண்டிய முடுக்குகள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே குழாயில் நீரெடுத்து, ஒரே வாய்க்காலின் நாற்றத்தைச் சுவாசித்து வாழ்கின்றனர். துறைமுகத்தில் மூட்டை சுமப்போர், புறக்கோட்டையில் நாட்டாமை வேலை செய்வோர், மாநகர வீதிகளைக் கூட்டுவோர், குவைத்திலும் சவூதியிலும் பிறர் வீட்டுப் பாத்திரம் கழுவித் திரும்பிய பெண்கள் ஆகியோரே அங்குள்ள குடிகள். முடுக்கின் முனையில் நின்று அண்ணாந்தால் தாமரைக் கோபுரம் தெரியும். 2022 செப்டெம்பரில் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்ட அந்தத் தகவல் தொடர்புக் கோபுரத்தின் விளக்குகள் இரவில் நிறம் மாறுவதைச் சிறுவர்கள் மதிலேறிப் பார்ப்பார்கள். தகவல் யுகம் அவர்களுக்கு அவ்வளவு அண்மையிலும் அவ்வளவு உயரத்திலும் இருக்கின்றது.

2018ஆம் ஆண்டு அத்தோட்டத்துச் சனசமூக நிலையத்திலே கணினி வகுப்பொன்றைத் தொடங்கினோம். ஆசிரியர் இருவர், பல்கலைக்கழக மாணவர் மூவர், வங்கி எழுதுவினைஞர் ஒருவர் என நாம் அறுவர். கரம் பலகை ஒன்றும் பழைய பத்திரிகைக் கட்டுகளும் கிடந்த அறையைக் கூட்டித் துடைத்தோம். நிறுவனமொன்று தான் கழித்துவிட்ட ஒன்பது கணினிகளை மனமுவந்து வழங்கிற்று. ஒன்பதில் நான்கு உயிரற்றவை. தமது களஞ்சியத்தை வெறுமையாக்கித் தந்ததற்கு நாம் பொன்னாடை போர்த்துவோம் என்று வந்தவர்கள் எதிர்பார்த்திருத்தல் வேண்டும். அது கிட்டாமையால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போயினர். எஞ்சிய ஐந்தும் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தவை. அதற்கான பாதுகாப்பு உதவியை 2014இலேயே அதனைச் செய்தவர்கள் நிறுத்திவிட்டனர். புதியதைத் தாங்கும் வலு அந்த இயந்திரங்களுக்கும் இல்லை; வாங்கும் வலு எமக்கும் இல்லை.

எம்மைக் காப்பாற்றியது லினக்ஸ். 1991இல் பின்லாந்து மாணவர் ஒருவர் தொடங்கி, உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் தம் உழைப்பை ஈந்து வளர்த்த இயங்குதளம் அது. எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். உடைமை பற்றி நாம் மேடைகளில் பேசிய பேச்சுகள் யாவற்றினும், பழைய இரும்புப் பெட்டி ஒன்று அதனால் மீண்டும் உயிர்பெற்ற காட்சி மாணவர்க்கு அதிகம் சொல்லிற்று என்றே எண்ணுகின்றோம்.

இனி எமது பிழைகளையும் சொல்லத்தான் வேண்டும். தனியார் நிறுவனமொன்றின் பாடத்திட்டத்தை அப்படியே பிரதி செய்தோம். அது ஆங்கிலத்தில் இருந்தது; கணினியின் பாகங்கள், தலைமுறைகள், அவற்றின் வரைவிலக்கணங்கள் என மனனம் செய்விக்கும் சரக்கு. முடிவில் சான்றிதழ் உண்டு என்றோம். வயதெல்லை இருபத்தைந்து என்று சுவரில் ஒட்டினோம். முதல் வாரம் நாற்பது பேர் வந்தனர். ஆறாம் வாரம் ஒன்பது பேர். 'இவர்களுக்கு அக்கறை இல்லை' என்று எம்முள் ஒருவர் சலித்துக்கொண்டார், ஏனையோர் மறுக்கவில்லை. அக்கறையின்மையை ஏழைகளின் தலையில் கட்டுவது எவ்வளவு எளிது!

1995இல் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோ நகரில், சான்ரா மார்த்தா என்னும் மலைச்சரிவுச் சேரியிலே ரொட்ரிகோ பாஜ்ஜியோ என்பவர் கணினிப் பள்ளி தொடங்கிய வரலாற்றை நாம் வாசித்தது அதன் பின்னரே. வெளியிலிருந்து வந்தோர் பள்ளியை நடத்திக்கொண்டே இருக்கவில்லை. சேரிவாசிகளே பயின்று, சேரிவாசிகளே கற்பித்தனர். தமது குடியிருப்பின் குறையொன்றை எடுத்துக்கொண்டு, அதற்குத் தீர்வு காணும் கருவியாகக் கணினியைப் பயில்வதே அங்கு பாடம். அதே நாட்டவரான பாவுலோ பிரெய்ரேயின் கல்விச் சிந்தனை அதன் அடியில் ஓடுகின்றது. பிரெய்ரேயைப் பற்றி எமது ஆசிரியர் கலாசாலைகளில் குறிப்பெடுத்தவர்கள் நாம். குறிப்பு கொப்பியிலேயே இருந்துவிட்டது.

இவை எல்லாவற்றையும் எமக்கு உணர்த்தியவர் நூல் எழுதியவர் அல்லர். வீதி கூட்டும் தொழிலாளியான ஒரு தாய். மகளை வகுப்புக்கு அழைத்துவந்து, முடியுமட்டும் வாசற்படியில் செருப்புகளுக்கு அருகே அமர்ந்திருப்பார். உள்ளே வாருங்கள் என்றால் 'பரவாயில்ல சேர்' என்பார். ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல். அன்றும் வந்து அதே படியில் அமர்ந்திருந்தார். ஏனென்று வினவினோம்.

"சேர், இது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுந்தானா?"

சுவரில் ஒட்டிய தாளை அன்றே கிழித்தோம்.

அவருக்குச் சான்றிதழ் வேண்டியிருக்கவில்லை. பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்ப்பதற்கும், வெளிநாடு செல்லும் தங்கைக்கு விண்ணப்பம் நிரப்புவதற்கும், எதற்கெடுத்தாலும் சந்தியிலுள்ள கொமினிகேஷன் கடைக்காரனிடம் காசு கொடுத்துத் தம் வீட்டு இரகசியங்களையும் அவனிடம் ஒப்புவிக்க வேண்டியிருந்தது. 'நான் சொல்றதத்தான் அவன் எழுதுறானா எண்டு எனக்கு எப்படித் தெரியும்?' என்று அவர் கேட்ட கேள்விக்கு எமது பாடத்திட்டத்தில் இடமே இருக்கவில்லை. அரசாங்கப் படிவங்கள் ஒவ்வொன்றாய் இணையத்துக்கு ஏறுந்தோறும் இந்தச் சார்புநிலை குறைவதில்லை, கூடுகின்றது. முன்பு கந்தோர் வாசலில் மனு எழுதுவோன் இருந்த இடத்தில் இப்போது கடைக்காரன் இருக்கின்றான்.

வகுப்பைத் தமிழுக்கும் சிங்களத்துக்கும் மாற்றினோம். அவருடைய மகளைப் பார்த்து மற்றத் தாய்மாரும் வந்தனர். பின்பு 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. 'இணையவழிக் கல்வி' என்று நாடு பேசிற்று. ஒரு கைத்தொலைபேசிக்கு மூன்று பிள்ளைகள் காத்திருந்த வீடுகளை நாம் அறிவோம். 2022இல் மின்வெட்டு வந்தது. மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை நீண்டது. இருளைவிடப் பெரிய இழப்பு அதன்பின் நேர்ந்தது. எம்முள் மூவர் கடல்கடந்து போயினர். அவர்களைக் குறைகூற மாட்டோம். ஆயினும் புறப்படுவதற்கு ஒரு கடவுச்சீட்டும் பட்டமும் எமக்கு இருந்தன என்பதும், தோட்டத்தவர்க்கு அவ்வாறு போக இடமில்லை என்பதும் மெய். தொண்டன் விரும்பும்போது வருவான், விரும்பும்போது போவான். அறையின் திறப்பு எவர் கையில் இருக்க வேண்டும் என்ற வினா அப்போதுதான் எமக்குள் எழுந்தது. திறப்பு அந்தத் தாயிடம் போயிற்று.

கடந்த ஆண்டு மாரியில் வாய்க்கால் பெருகி அடுக்களைகளுள் புகுந்தது. கூடிப் பேசிய இடத்தில், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னோம். 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையிலுள்ள அச்சட்டத்தின்படி குடிமகன் எவரும் அரச அலுவலகத்திடம் எழுத்தில் தகவல் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்பதைப் பதினான்கு வேலை நாட்களுள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். வாய்க்காலைச் செப்பனிடப் பணம் ஒதுக்கப்பட்டதா, எவ்வளவு, எப்போது என்று அக்கா தாமே தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பினார். ஒரு வாரத்தில் பதில் வந்தது: உங்கள் கடிதம் வாசிக்க இயலாதிருக்கின்றது.

பிழை எம்முடையது. அச்சகத்தார் எல்லாரும் பாவிக்கும் பாமினி எழுத்துருவையே நாமும் பழக்கியிருந்தோம். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தோன்றும்.

"நான் தமிழிலதானே சேர் அடிச்சேன்? அவங்களுக்கு எப்படி இங்கிலீஷில போச்சு?"

சிரித்தோம், பின்பு வெட்கப்பட்டோம். 1991 முதல் யுனிகோட்டிலே தமிழுக்கு இடமுண்டு. தெரிந்தும் பழக்கத்தின் சோம்பலால் ஒரு தொழிலாளிப் பெண்ணின் முதற் கடிதத்தை ஊமையாக்கினோம். யுனிகோட்டுக்குரிய ரெங்கநாதன் விசைப்பலகையை அவர் புதிதாகப் பழக மூன்று ஞாயிறுகள் சென்றன. மீண்டும் அனுப்பினார்.

தமிழில் கேட்டதற்குச் சிங்களத்தில் விடை வந்தது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று, எழுதியதோடு சரி. அடுத்த வீட்டுத் துறைமுகத் தொழிலாளி ஒருவர், சிங்களவர், குழாயடியில் நின்று அதனை உரக்க வாசித்தார். அவரே பாதி தமிழில் பொருளும் சொன்னார். பணம் ஒதுக்கப்பட்டது உண்மை, வேலை நடைபெறவில்லை. வாளிகள் நிரம்பி வழிந்தன. எவரும் குழாயை மூடவில்லை.

சென்ற ஞாயிறு சற்றுத் தாமதித்துப் போனோம். அறை நிறைந்திருந்தது. ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று என்று இரண்டாவது கடிதம் தயாராகிக்கொண்டிருந்தது. இம்முறை இரு மொழிகளிலும். அக்கா விசைப்பலகையின் முன் இருந்தார். சிங்களப் பிரதியைப் பக்கத்து வீட்டுக்காரரின் மகன் அடித்துக்கொண்டிருந்தான். உள்ளே இடமின்மையால் வாசற்படியில், செருப்புகளுக்கு அருகே அமர்ந்தோம்.

"கழிவுநீருக்கு எந்த 'ழி', சேர்?" என்றார் அவர், திரும்பாமலே.

நாம் வாய் திறக்குமுன் முன்வரிசைச் சிறுமியொருத்தி சொல்லிவிட்டாள்.