புகைக்கும் ஒரு கட்டம்

அம்மாவுக்கு பி.பி. ஏறினால் உப்பு கூடிப்போச்சா, மாத்திரையை விட்டாச்சா, மனசில் ஏதாவது கவலையா என்றுதான் எங்கள் வீட்டில் கேட்போம். கன்டெய்னர் லாரிகள் ஓயாத திருவொற்றியூரில் குடியிருந்தும், காற்றைப் பற்றி யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. காலையில் மாத்திரைக்கு முன், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவைத்து அளவெடுத்து நோட்டில் எழுதுவது என் வேலை. பெரும்பாலும் மேல் அளவு 130-ஐ ஒட்டி நிற்கும். ஒரு போகியன்று 158 காட்டியது. தெருவில் டயரும் பாயும் எரிந்துகொண்டிருந்தன. ஜன்னல் விளிம்பைத் துடைத்த ஈரத்துணி மைபோல் கறுத்தது. “உப்பெல்லாம் அளவாத்தான்டி போட்டே. தொண்டைதான் கரகரங்குது” என்றார் அம்மா.

ஒருநாள் அளவை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. தூக்கம் கெட்டிருக்கலாம், மார்கழிக் குளிரும் ஏற்றும். ஆனாலும் அன்று முதல் நோட்டில் ‘புகை’ என்று ஒரு கட்டம் போட்டேன்.

அதைப் பார்த்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத பிஎம் 2.5 துகள்கள் நுரையீரலின் அடிவரை போகின்றன. உடம்பு அவற்றை ஆபத்தாக எடுத்துக்கொண்டு நரம்புகளை முடுக்கிவிட, ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. உள்சுவரில் அழற்சி வந்து, அவை மறுபடி தளர்வதும் கெடுகிறது. வயதாகி விறைத்துப்போன குழாய்களுக்கு இதைத் தாங்கும் நெகிழ்வு குறைவு. மாத்திரையை நாமாகக் கூட்டக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், வருமானம் குறைந்த முதியோர் குடியிருப்பு ஒன்றில் 40 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. அறையில் சிறிய காற்று வடிகட்டி மூன்று நாள் ஓடியதில் மேல் அளவு சராசரியாக 3 புள்ளி குறைந்தது. சின்னக் கணக்கல்ல இது. ஊரிலுள்ள முதியவர்கள் எல்லோருக்கும் அவ்வளவு குறைந்தால் எத்தனை பக்கவாதம் தவிரும்! வடிகட்டி வாங்க வசதியில்லாதவர்கள்தான் லாரிச் சாலையோரம் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பிஎம் 2.5-இன் 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டு வரம்போ 60.

இப்போது அம்மாவின் நடை, பனியும் புகையும் விலகிய பிறகுதான். போகிக்கு முன்னால் வீடு வீடாகப் போய், டயரைக் கொளுத்தாமல் மாநகராட்சி வண்டியில் போடச் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். லாரிப் புகை பற்றி வார்டு உறுப்பினருக்கு மனு கொடுத்திருக்கிறேன், அம்மாவின் நோட்டை நகலெடுத்து இணைத்து.