பிரேக் பிடிக்கவில்லை என்பது பாதி உண்மை

வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குப் பிரேக் பிடிக்காமல் போனது உண்மை. மெக்கானிக் வேலையை ஒழுங்காகச் செய்யாததால்தான் போனது என்று நான் சொன்னது பொய். அந்தப் பொய்யைக் கள்ளக்குறிச்சியில் டீக்கடை, கல்யாண மண்டபம், பென்ஷன்தாரர் கூட்டம் என்று ஓர் இடம் விடாமல் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் நம்பினார்கள். காலமெல்லாம் இயற்பியல் நடத்திய வாத்தியார், பிரேக்கைப் பற்றிச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

ஹெரால்டை இப்போது நேரில் பார்த்தவர்கள் குறைவு. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் என்ற பெயரோடு வந்த வண்டி. அதன் உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் அதைத் தயாரித்தது. அம்பாசடர் வங்காளத்திலிருந்து வந்தது, பியட் பம்பாயிலிருந்து வந்தது, ஹெரால்டுதான் நம் மண்ணில் பிறந்தது என்று நான் பீற்றிக்கொள்வதுண்டு. 948 சிசி இன்ஜின். பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். அதைத் திறந்து, முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைத் திருகலாம். என்னுடையது அறுபதுகளின் கடைசியில் வந்த நாலு கதவு வண்டி. அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது கல்வராயன் மலை இன்னும் ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அரசு எடுத்துக்கொண்டது 1976-ல்தான். அந்த மலைமேல் இந்த வண்டியை ஏற்றி, கோடை விழாக் கூட்டத்தில் நிறுத்தி, நாலு பேர் சுற்றி நின்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வண்டியைப் பற்றித் தெரியாமல் நடந்த தப்பு என்று யாரும் எனக்குச் சலுகை தர வேண்டாம். எனக்கு ரொம்பவே தெரியும். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் டிரனியன் என்ற பித்தளைக் குமிழுக்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, இ.பி. 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் இறுகிப்போனால் மரை தேய்ந்து ஒருநாள் சக்கரமே மடங்கிக்கொள்ளும். இதைத் தெரியாதவர்களைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். பின் அச்சு வளைவில் என்ன வேலை காட்டும், சேஸிஸ் எங்கெங்கே துருப்பிடிக்கும் என்று வகுப்பு எடுப்பேன். பழைய கார் வைத்திருப்பவர்களிடம் இந்த வியாதி உண்டு. அறிவு வாயில் இருக்கும். காசு பெயின்டுக்குப் போகும்.

வண்டியை மலைக்கு ஏற்றிய வருஷம், கோடைக்கு முன்னாலேயே மெக்கானிக் எச்சரித்தார். பின் சக்கரத்து டிரம்மைக் கழற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வீல் சிலிண்டர் ஓரம் கசிந்து லைனிங் நனைந்திருந்தது.

“கப் வாஷர் எல்லாம் போச்சு சார். நாலு சக்கரத்துக்கும் மாத்திடலாம். மாஸ்டர் சிலிண்டரையும் பிரிச்சுப் பார்க்கணும். பிரேக் ஆயில் கறுத்துக் கெடக்குது, அதைச் சுத்தமா எடுத்துட்டுப் புதுசு ஊத்தணும்.”

எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் ஆகும் என்றார். அதே மாதம்தான் பம்பருக்கும் கிரில்லுக்கும் நிக்கல் பூச 30,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தேன். சீட்டுக்குச் சிவப்பு ரெக்சின் வேறு பாக்கி. “இப்போதைக்கு அந்த ஒரு சக்கரத்தை மட்டும் பாருங்க, மத்ததை அப்புறம் பார்க்கலாம்” என்றேன். அவர் தயங்கினார். “மலைக்கெல்லாம் எடுத்துட்டுப் போயிடாதீங்க சார்” என்றும் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலையேறும்போது ஹெரால்டு நன்றாகவே ஏறியது. மேலே கூட்டம் சேர்ந்தது, படம் எடுத்தார்கள், நான் பானெட்டைத் திறந்து திறந்து காட்டினேன். இறங்கும்போதுதான் என் புத்தி. மைத்துனன் பக்கத்து சீட்டில் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜின் கத்தும், வீடியோவில் அசிங்கமாகக் கேட்கும். அதனால் டாப்பில் போட்டு, பிரேக்கை மிதித்து மிதித்து வழுக்கிக்கொண்டு வந்தேன். கொண்டை ஊசி வளைவு ஒன்றுக்கு முன்னால் பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரையைத் தொட்டது. ஹெரால்டில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன்தான். போனால் மொத்தமும் போகும். இரண்டாவது கியருக்கு எப்படியோ கொண்டுவந்தேன். முதல் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது, டபுள் கிளட்ச் போட்டால்தான் ஓட்டத்தில் விழும். பதற்றத்தில் பல் நறநறத்ததே தவிர விழவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டு பாறைப் பக்கத்து ஓடையில் இறக்கினேன். புது நிக்கல் பம்பர் நசுங்கியது. மைத்துனனுக்கு மணிக்கட்டு முறிந்தது. பின் சீட்டில் இருந்த என் மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியின் இன்னொரு பக்கம் பள்ளம்.

மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மினி லாரி நின்றது. மலைக்காரர்கள் நாலைந்து பேர் குதித்து வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். டிரைவர் குனிந்து டிரம் பக்கம் மோந்து பார்த்தார். “டாப்புல இறக்கினீங்களா சார்?” என்றார்.

“இல்லையே, செகண்ட்லதான் வந்தேன். மெக்கானிக் பிரேக்கைச் சரியாப் பார்க்கலை” என்றேன்.

கை நடுக்கம் நிற்பதற்குள் பொய் வந்துவிட்டது. யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் அதன்பிறகு செய்ததெல்லாம் யோசித்துச் செய்ததுதான். வண்டியைக் கள்ளக்குறிச்சிக்கு இழுத்துவராமல் சேலத்துக்கு அனுப்பினேன். நம் மெக்கானிக் டிரம்மைத் திறந்தால் தொடாமல் விட்ட மூன்று சக்கரமும் பேசிவிடும் என்று எனக்குத் தெரியும். வீடியோவை அழிக்கச் சொன்னேன். மைத்துனன், “மாமா, டாப்லதானே வந்தோம்?” என்று ஒரு தடவை கேட்டான். முறைத்தேன். பிறகு கேட்கவில்லை.

நடந்தது என்ன என்று என் மாணவர்களில் சுமாரானவன்கூடச் சொல்லிவிடுவான். பாஸ்கல் விதிக்கு நான் கரும்பலகையில் வரைந்த படம் எப்போதும் கார் பிரேக்தான். திரவத்தை அமுக்க முடியாது, அதனால் பெடலின் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்கும், ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஆட்களோடு 1,100 கிலோ வண்டி, 600 மீட்டர் இறக்கம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 65 லட்சம் ஜூல். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. கியர் பிடித்து இறக்கியிருந்தால் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொண்டிருக்கும். நான் முழுவதையும் நாலு டிரம்மில் இறக்கினேன். பல வருஷத்து ஆயில் கொதித்து ஆவியானது. ஆவியை அமுக்கலாம், பெடல் தரைக்குப் போனது. (200 குதிரைசக்தி வண்டி வாங்கி ஏலகிரி, ஏற்காடு என்று பறக்கும் பிள்ளைகள் என் 948 சிசியைப் பார்த்துச் சிரிக்கலாம். இந்தக் கணக்கில் இன்ஜினின் குதிரைசக்தி எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க.)

என் பேச்சு மெக்கானிக்கை எப்படிப் பாதித்தது என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. ஒரு டாக்டரின் அம்பாசடர் அவர் பட்டறைக்குப் போவது நின்றது. பிறகு ஒரு பள்ளிக்கூடம் தன் வேன்களை வேறு இடத்துக்கு மாற்றியது. “பிரேக் விஷயம், பிள்ளைகள் உயிர் சார்” என்று அதன் நிர்வாகி என்னிடமே சொன்னார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன் போய்விட்டான். இப்போது அங்கே பெரும்பாலும் டூவீலர்தான் நிற்கிறது.

சென்ற மாதம் அவரிடம் போனேன். மூட்டை கட்டி வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஒரு பைக்கின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியாதா சார்? சேலத்துக்கு அனுப்புனப்பவே தெரியும். என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? யார்கிட்ட அப்படிச் சொன்னீங்களோ அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

யார் யாரிடம் சொன்னேன் என்று எனக்கு முழுவதும் நினைவில்லை, அதனால்தான் எழுத்தில் சொல்கிறேன். கள்ளக்குறிச்சியில் என் வாயால் அந்தக் கதையைக் கேட்டவர்களுக்கு அவர் யார், பட்டறை எங்கே என்று தெரியும். அவர் எனக்குச் சரியாகத்தான் சொன்னார், நான்தான் செய்யவிடவில்லை. உங்கள் வண்டியை மறுபடி அவரிடம் விடுங்கள். நாலு சக்கரத்துக்கும் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னால், நாலுக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.