ஜான்-டலோன் சந்தையின் திராட்சைப் பெட்டிகள்

மாண்ட்ரியலின் ஜான்-டலோன் சந்தையில் செப்டம்பர் கடைசியில் குவியும் திராட்சையெல்லாம் தின்பதற்கு வந்ததல்ல. பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பது கலிபோர்னியாவிலிருந்து லாரியில் வந்த ஒயின் திராட்சை. பெட்டி ஒன்று 36 பவுண்டு, அதாவது 16 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஐந்தாறு பெட்டி வாங்கினால் 54 லிட்டர் பிடிக்கும் டெமிஜான் என்ற பெருங்குடுவை ஒன்று நிறையும். சந்தை 1933இல் திறக்கப்பட்டது. அதைச் சுற்றியுள்ள லிட்டில் இத்தாலியில் அதற்கு முன்பே குடியேறிவிட்ட குடும்பங்கள் ஊர்ப் பழக்கத்தை விடாமல் வீட்டிலேயே ஒயின் போட்டுவந்தன. பேரன்மார் சிலர் இன்றும் போடுகிறார்கள். சந்தைக்குப் பெயர் தந்த ஜான் டலோன், 17ஆம் நூற்றாண்டில் நியூ பிரான்ஸை நிர்வகித்த பிரெஞ்சு அதிகாரி. ஒயினுக்கும் பிராந்திக்கும் பணம் வெளியே போகிறதே என்று 1668இல் கியூபெக்கில் பீர் ஆலை கட்டியவர். அவர் பெயரில் ஒயின் திராட்சை விற்பது வரலாற்றின் குறும்புதான்.

சின்ஃபாண்டல், கரிஞான், அலிகாண்டே, மஸ்கட் ஆகியவை இங்கே வாடிக்கையாகக் கேட்கப்படும் ரகங்கள். கறுப்புத் திராட்சை பெரும்பாலானவற்றின் சாறு வெளிறித்தான் இருக்கும். சிவப்பு நிறம் தோலிலிருந்து இறங்குவது. அலிகாண்டே மட்டும் விலக்கு. பழத்தை நகத்தால் கீறினாலே விரல் சிவந்துவிடும், சதையும் சிவப்பு. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது வீட்டுக்கென்று பழச்சாறு புளிக்கவைக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. தடித்த தோல் கொண்ட இந்த ரகம் நெடுந்தூர ரயில் பயணத்தைத் தாங்கியதால் அப்போதுதான் பெயர் வாங்கியது. மஸ்கட்டை மோந்து பார்க்கும் தமிழருக்கு அந்த வாசனை புதிதாக இராது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். அது மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியாவின் வழி வந்தது. 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது.

வீட்டுக்கு வந்த பழத்தைக் கழுவுவதில்லை. காம்பு நீக்கி நசுக்கி, மூடியை இறுக்காமல் பெரிய தொட்டியில் விடுவார்கள். தோலில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டே போதும் என்பது பழையவர்கள் கட்சி. கடையில் பொட்டலம் வாங்கித் தூவினால்தான் நிச்சயம் என்பது மற்றவர்கள் கட்சி. இரண்டாவது கட்சி பக்கமே நியாயம் அதிகம். ஐந்து கிராம் பொட்டலம் ஒரு வருட உழைப்பைக் காப்பாற்றுகிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை கரைந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் தொடக்கத்தில் 1.090ஐ ஒட்டிக் காட்டினால் முடிவில் 12, 13 சதவீதம் எதிர்பார்க்கலாம். நொதிக்கத் தொடங்கியதும் வாயு தோலை மேலே தள்ளிக் கட்டியான ஏடாக்கும். அதை நாளுக்கு இரண்டு மூன்று முறை உள்ளே அமுக்காவிட்டால் நிறமும் இறங்காது, மேலே காடியும் பிடிக்கும். வெளிவரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. நிலவறையின் தரையில் தேங்கி ஆளையே மயக்கிவிடும் என்பதால், கதவு, சன்னல் திறந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம், பத்து நாளில் தோலைப் பிழிந்து எடுத்தபின் காற்றுதான் பகை. சாற்றை டெமிஜானில் கழுத்துவரை நிரப்பி, வாயு வெளியேறவும் காற்று புகாமலிருக்கவும் நீர்ப்பூட்டு பொருத்துவார்கள். அடியில் படியும் மண்டியை விட்டுத் தெளிவை மட்டும் குழாய் வைத்து வேறு குடுவைக்கு மாற்றுவது குளிர்காலம் முழுக்க இரண்டு மூன்று முறை நடக்கும்.

இத்தனைக்கும் இடமில்லாத அடுக்குமாடிவாசிக்கு ஒயின் போடும் பொருட்கள் விற்கும் கடை இருக்கிறது. அங்கே கிடைக்கும் பெட்டியில் சாறு அல்லது அடர்சாறு, ஈஸ்ட், தெளிவிக்கும் களிமண்தூள், கிருமியைத் தடுக்கும் சல்ஃபைட் எல்லாம் அளந்து வைத்திருக்கும். நீர் சேர்த்து 23 லிட்டர்; ஆறு முதல் எட்டு வாரத்தில் 30 பாட்டில். ஒன்டாரியோ, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணங்களில் கடையிலேயே போட்டு வைக்கலாம். ஆனால் ஈஸ்ட்டைத் தூவுவதும் பாட்டிலில் அடைப்பதும் வாடிக்கையாளர் கையாலேயே நடக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் அது வீட்டு ஒயின், இல்லாவிட்டால் கடைச் சரக்கு என்பது சட்டத்தின் கணக்கு. பெட்டி ஒயின் கெடுவது அரிது, வியக்கவைப்பதும் அரிது.

பாட்டிலில் அடைக்கும் நாளில் பாதி நேரம் கழுவுவதிலேயே போகும். பழைய பாட்டிலின் லேபிளை ஊறவைத்து உரித்து, உள்ளே சல்ஃபைட் கரைசல் பீய்ச்சிக் கவிழ்த்து வடியவிட வேண்டும். ஒயினில் வாயு மிச்சமிருந்தால் முதலில் நன்றாகக் கலக்கி விரட்டிவிட வேண்டும். அடைத்தபின் மறுபடி நொதித்தாலும் தக்கை தெறிக்கும். நிரப்பும் குழாயின் நுனியில் சிறு வால்வு இருக்கும். பாட்டிலின் அடியில் அழுத்தினால் ஒயின் இறங்கும், தூக்கினால் நிற்கும். குழாயை வெளியே எடுக்கையில் அது இருந்த அளவுக்கு மட்டம் தானாகத் தாழ்ந்து, தக்கைக்கு வேண்டிய இடம் கிடைத்துவிடும். தரையில் நிற்கும் தக்கைப்பொறி ஒன்றை வாடகைக்கு எடுத்தால் கை வலிக்காது. அடைத்த பாட்டிலை மூன்று நாளாவது நிமிர்த்தி வைத்து, பிறகு படுக்கவைக்க வேண்டும். தக்கை காய்ந்து சுருங்கினால் காற்று நுழையும்.

இத்தாலிய வீடுகளில் இதற்கென்றே கான்டினா உண்டு. பெரும்பாலும் வாசல் படிக்குக் கீழே, சூடேற்றாத, சன்னலில்லாத சிற்றறை. தொங்கும் சலாமி, தக்காளிச் சாறு ஜாடிகளுக்குப் பக்கத்தில் ஒயின் படுத்திருக்கும். 12, 13 டிகிரி நல்லது. இரண்டு டிகிரி கூடினால் பாதகமில்லை, ஆனால் கோடையில் ஏறி மாசியில் உறையும் இடம் உதவாது. மஸ்கட் வாசனை ஓராண்டுக்குள் மங்கத் தொடங்கும். கரிஞான், அலிகாண்டே கலந்த கறுப்பு ஒயின் முதல் வருடம் நாக்கைக் கவ்வும், இரண்டாவது வருடம் பணியும்.

சந்தைக்குப் போக மெட்ரோவில் ஜான்-டலோன் நிலையத்தில் இறங்கலாம். தமிழ்க் கடைகள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து, பார்க் நிலையத்தில் ஏறினால் நீலப் பாதையில் இரண்டே நிறுத்தம். அக்டோபர் நடுவில் போனால் நல்ல பெட்டிகள் போய்விட்டிருக்கும். கனடாவில் சொந்தக் குடிப்புக்கு ஒயின் போட வரி இல்லை, விற்கக் கூடாது. ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பன்னீர்த் திராட்சையில் முயல வேண்டாம்: உரிமமின்றி மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் குற்றம்.