துருவன்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. அமீனா இதுவரையில் என் வீட்டுக்கு விஜயம் செய்ததில்லை. உபாத்தியாயர் வீட்டில் ஜப்தி செய்வதற்கு என்ன அகப்படும் என்று எண்ணினாரோ என்னவோ! ஆனால் ஆமை வந்தது. 2023-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில், மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலைப்பொழுதில், என் வகுப்பு மாணவன் ஒருவன் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"தாத்தா காட்டுல புல்லுக்குள்ள கெடந்துது, சார். நாய் கவ்விரும்னு தூக்கிட்டு வந்துட்டேன். என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரியும்லா?" என்றான்.

தெரியும். அதுதான் இங்கே விசேஷம். அது நட்சத்திர ஆமைக் குஞ்சு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022-ல் செய்த திருத்தத்தின் மூலம், புலியும் யானையும் இருக்கும் முதல் பட்டியலிலே இந்தச் சிறு பிராணிக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். பெட்டிகளில் அடைத்துக் கடல் கடந்து விற்கிறவர்கள் மிகுந்துவிட்டபடியால், 2019-ல் ஜினீவாவில் கூடிய சர்வதேச மகாநாடும் இதன் வெளிநாட்டு வியாபாரத்தைத் தடை செய்தது. இதையெல்லாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டவனே நான்தான். ஆகவே மறுநாள் காலையில் வனத்துறைக் காரியாலயத்தில் ஒப்படைத்துவிடுவதென்று தீர்மானித்து, ஒரே ஓர் இரவுக்காக அதை வீட்டுக்குக் கொண்டு சென்றேன்.

வாசற்படியிலேயே அம்மா மறித்தாள். "வீட்டுக்குள் புகக்கூடாத ஆமைகள் பொறாமை, கல்லாமை, முயலாமை, இது அந்த ஜாதியல்ல அம்மா" என்று மேடைப் பிரசங்கிகள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சமாதானத்தைச் சொன்னேன். "சொன்ன பேச்சைக் கேளாமையை விட்டுட்டியே!" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம். கரிய ஓட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் மஞ்சள் கோடுகள் நடுவிலிருந்து நாற்புறமும் விரிந்திருந்தன. காய்ந்த புல்லிடையே கிடந்தால் கழுகின் கண்ணுக்கும் உருவம் பிடிபடாதிருக்க இயற்கை தீட்டிய கோலம் அது. ஒன்பது வயதான என் பெண், உடம்பெல்லாம் நட்சத்திரம் என்பதால், 'துருவன்' என்று நாமகரணம் செய்துவிட்டாள். அது ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரியும்? இங்கிலாந்தில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் திமோதி என்று ஆண் பெயரிட்டு அழைத்து வந்த ஆமை, பெண் ஆமை என்பது அவர் காலத்துக்குப் பிறகே தெரிந்ததாம்.

"ஆமை ரொம்ப வருஷம் இருக்குமாப்பா?" என்று கேட்டாள். கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் 2006-ஆம் வருஷம் மரித்த அத்வைதன் என்ற பெரிய ஆமையைப் பற்றிச் சொன்னேன். ராபர்ட் கிளைவ் வளர்த்தது என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். அது மெய்யானால், எஜமானரின் ராஜ்யம் போன பிறகும் 58 வருஷங்களுக்கு மேல் சுதந்திர பாரதத்தின் கீரையைத் தின்று அது சுகமாக வாழ்ந்திருக்கிறது! குழந்தை கைவிட்டுச் சிரித்தாள். துருவனைத் தன் பேரன் பேத்திகளுக்குக் காட்டப்போவதாகச் சொன்னாள்.

மறுநாள் பள்ளியில் தணிக்கை. அடுத்த நாள் மழை. பிறகு தீபாவளி. காரியாலயமோ 30 கிலோமீட்டருக்கு அப்பால். காரணங்களுக்குப் பஞ்சமா? உண்மையைச் சொன்னால், மாலையில் வீடு திரும்பும்போது அந்தச் சிறு தலை ஓட்டிலிருந்து நீண்டு என்னைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஆமை என்றாலே தண்ணீர் என்று எண்ணி, முதல் நாள் அதைப் பித்தளைத் தாம்பாளத்து நீரில் விட்டோம். அது தவித்ததைப் பார்த்த பிறகுதான் தரையில் வாழும் ஜாதி என்ற நினைவே வந்தது. பிறகு செருப்புப் பெட்டியில் ஈரத்துணி விரித்து மாடிப்படியின் கீழ் வைத்தோம். பால் சோறும் தக்காளியும் கொடுத்தோம். வெயிலும் புல்லும் சப்பாத்திக்கள்ளிப் பழமுமாக வளர வேண்டிய உயிர் அது. வெயில் பட்டால்தான் சுண்ணாம்புச் சத்து ஓட்டிலே சேரும். முதுகெலும்பும் விலா எலும்புகளும் இணைந்து உண்டானதே அந்த ஓடு. இவை யாவும் பின்னால் படித்தவை. வீட்டில் அதற்குச் சரியான ஆகாரம் கொடுத்தவள் அம்மா ஒருத்திதான். பூஜைக்குப் பறித்த செம்பருத்தியில் ஒன்றை, யாரும் பாராத வேளையில் பெட்டிக்குள் போட்டிருக்கிறாள். அது ஆவலோடு தின்றதாம்.

பதினெட்டாம் நாள் மூக்கில் நீர்க்குமிழி கண்டது. பிறகு வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிற்று. நம்மைப்போல் இருமிச் சளியைத் தள்ள ஆமையினால் இயலாது. கால்நடை வைத்தியரிடம் கொண்டு சென்றேன். "இது எங்கே கிடைத்தது?" என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை, மெல்லச் சொன்னேன். மருந்து கொடுத்து, சூடும் வெயிலும் வேண்டும் என்றார். சூட்டுக்கு விளக்கு ஏற்றி வைத்தோம். வெயிலுக்கு எங்கே போவது? வெளியே அடைமழை. 23-ஆம் நாள் காலையில் தலையும் கால்களும் வெளியே தொங்கக் கிடந்தது. தொட்டபோது அது உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

"ரொம்ப வருஷம்னு சொன்னீங்களே அப்பா" என்றாள் குழந்தை. அழுதாளேயானால் தேற்றியிருப்பேன், அவள் அழவில்லை.

கொல்லையில் புதைத்துவிடலாம் என்றாள் என் மனைவி. எனக்கு மனம் ஒப்பவில்லை. அம்மா பெட்டிக்குள் ஒரு செம்பருத்தியை வைத்தாள். அன்றே பஸ் ஏறினேன். பிரயாணம் ஒரு மணி நேரந்தான் பிடித்தது. அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, எந்தத் தேதியில் கிடைத்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடிக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன். பிறகு ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சட்டப்படி என்ன உண்டோ அதற்குச் சம்மதம் என்றேன். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மாணவனிடம் சொல்வது பாக்கி இருந்தது. இரண்டு நாள் அவன் கண்ணில் படாமலே வகுப்பு நடத்தினேன். மூன்றாம் நாள் அவனே வந்து, "ஆமை எப்படி இருக்கு, சார்?" என்று கேட்டான். நடந்ததைச் சொன்னேன், தாம்பாளத்தையும் பால் சோற்றையும் விடாமல். சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அங்கனயே விட்டிருக்கணுமோ, சார்?"

"நீ என்னிடம் கொடுத்தது தப்பில்லை" என்றேன்.

மணி அடித்தது. அவன் தன் இடத்தில் போய் உட்கார்ந்து புஸ்தகத்தைத் திறந்தான்.