ஆறு புட்டிகள்

சித்தப்பா, சித்தியின் திருமணப் பொன்விழாவுக்கு என்ன கொண்டுபோவது என்ற பேச்சு எழுந்தபோதே விடை எங்கள் சமையலறை மூலையில் இருந்தது. அம்மா காலத்துப் பீங்கான் ஜாடி அது. ஒவ்வோர் ஆண்டும் திருவருகைக் காலத்துக்கு முன்பே அதில் திராட்சை இரசம் ஊறத் தொடங்கிவிடும். விழா மே மாதம் என்பதால் அந்த ஆண்டு மட்டும் மறுபடியும் ஊறவைத்தோம்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைதான் இதற்குப் பொருந்தும். அந்தக் கொடியை 1832இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழத்தை நசுக்கி, சர்க்கரையும் ஆறிய வெந்நீரும் சேர்த்து, ஒரு பிடி கோதுமை, இரண்டு கிராம்பு, சிறிது ஈஸ்ட் போட்டு, ஜாடியின் வாய்க்கு வேடு கட்டி வைப்போம். நாள்தோறும் மரக்கரண்டியால் ஒருமுறை கிளறல். இருபத்தொரு நாள் கழித்து வடிகட்டி, தெளிய விடுவோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரிவளியையும் விடுகிறது. அந்த வளிக்கு வெளியேற வழி வேண்டும். இத்தனையும் தெரிந்திருந்தும், தெளிய வேண்டிய நாள்களைச் சுருக்கிவிட்டு, ஆறு புட்டிகளில் நிரப்பி மூடியை இறுகத் திருகிவிட்டோம். அவசரந்தான்.

இங்கே ஓர் ஒப்புதலும் செய்துவிட வேண்டும். உரிமமின்றி மது தயாரிப்பதைத் தடுக்கும் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் வீட்டு ஜாடிக்கு விலக்குத் தரவில்லை. திருப்பலிக்கான இரசத்துக்கு முறையான அனுமதி உண்டு. எங்கள் ஜாடிக்கு இல்லை. பாட்டி செய்தார், அம்மா செய்தார் என்பதைத் தவிர எங்களிடம் வேறு நியாயம் இருந்ததில்லை.

சென்னீர்குப்பத்திலிருந்து ஆட்டோவில் புறப்பட்டோம். புட்டிகளைப் பழைய சேலையில் சுற்றிக் கூடையில் வைத்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டோம். காடுவெட்டியைத் தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி துள்ளியது. வெடிபோல் ஓர் ஓசை. மூடி பறந்து கூரையில் பட, சேலையும் வேட்டியும் சிவந்துபோயின. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, மூக்கை உறிஞ்சி, “சரக்கா சார்?” என்றார்.

“இல்லை, திராட்சை இரசம், கோயில் விசேஷம்” என்றோம்.

அவர் சிரித்தார். “எங்க அப்பாவும் கஷாயம்னுதான் சொல்வார்.”

பிறகு ஆவடி வரும்வரை அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. மற்ற ஐந்து புட்டிகளின் மூடிகளையும் சற்றே தளர்த்திவிட்டோம்.

நன்றித் திருப்பலி முடிந்து எல்லோரும் வீட்டு மாடிப் பந்தலில் கூடினார்கள். பங்குத்தந்தை கானாவூர்த் திருமணத்தைப் பற்றித்தான் மறையுரை ஆற்றியிருந்தார். ஆறு கற்சாடிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 முதல் 120 லிட்டர் கொள்ளும். அந்தச் சுவையான இரசம் எங்கிருந்து வந்ததென்று பந்தியை மேற்பார்த்தவருக்குத் தெரியவில்லை. தண்ணீரை மொண்டு சுமந்த பணியாளருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேட்டபோது எங்கள் கூடையை நினைத்துச் சிறிது பெருமைப்பட்டோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

சின்னக் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றித் தட்டில் அடுக்கினோம். பரிமாற ஓர் ஆள் தேவைப்பட்டது. அருகில் நின்றவர் சித்தப்பாவின் இளைய மகன், எங்கள் தம்பி. “தம்பி, இதை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வா” என்று தட்டை அவர் கையில் வைத்தோம். அவர் மறுக்கவில்லை.

அவர் குடியை விட்டுப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த வீடு பட்ட பாட்டை நாங்கள் அறிவோம். மருத்துவமனைக்கு உடன் சென்றவர்களும் நாங்களே. இருந்தும் அந்த நேரத்தில் அது எங்கள் நினைவுக்கு வரவில்லை. எங்கள் கண்ணுக்கு அது மது அல்ல, அம்மாவின் ஜாடி.

அவர் இரண்டு வரிசைகளைக் கடந்துவிட்டார். தட்டை மார்புக்கு நேரே பிடிக்காமல் கையை முழுவதும் நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்ததை அப்போதுதான் கண்டோம். அவர் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்தபடி கதவோரம் அசையாமல் நின்றார். நாங்கள் எழுவதற்குள், விழா நாயகியான சித்தி பட்டுச்சேலையும் மாலையுமாக இறங்கிவந்து, ஒரு சொல்லும் பேசாமல் தட்டை வாங்கி எங்களிடம் கொடுத்தார். மீதி வரிசைகளுக்கு நாங்களே பரிமாறினோம். பலருக்குச் சுவை பிடித்திருந்தது. எங்களுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் 2003 சூலையில் அனுப்பிய மடல் ஒன்றைப் பின்னர் படித்தோம். மது அருந்த இயலாத குருக்கள், ஆயரின் அனுமதியோடு, நொதித்தல் நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைக் கொண்டே திருப்பலி நிறைவேற்றலாம் என்கிறது அது. பீடத்தில் திருச்சபை பார்த்த இடத்தை ஒரு மாடிப் பந்தலில் நாங்கள் பார்க்கவில்லை.

அன்று மாலை விடைபெறும்போது தம்பி கூடையை ஆட்டோவரை தூக்கிவந்தார். “புட்டியெல்லாம் கழுவிட்டேன் அண்ணே, வாசனை போகிறவரைக்கும்” என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம். “வண்டி கிளம்புது, ஏறுங்க” என்று தடுத்துவிட்டார்.

அந்தக் கிறிஸ்துமசுக்கு ஜாடியில் ஊறுகாய் போட்டோம். ஈஸ்ட் ஏதும் சேர்க்காமல், இஞ்சியும் கிராம்பும் பட்டையும் கொதிக்கவிட்டு வடிகட்டி, கருக்கிய சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்து, அதே புட்டிகளில் நிரப்பினோம். தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். குவளையை வாங்கி முதலில் முகர்ந்து பார்த்தார், பிறகு குடித்தார்.

“காரம் பத்தாது அண்ணே” என்றார்.