ஃபேமிலி ரூம் உள்ளே இருக்கு

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைச் சுற்றி ஒரு நடை போனால் இங்கிலீஷ் நாலு விதமாகக் காதில் விழும். லண்டன்காரர் பேசுவது, அமெரிக்கர் பேசுவது, ஜெர்மன்காரர் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தது, நம் ஆட்டோக்காரர் பேசுவது. 1934-இல் பால் பிரன்டன் ரமணரைப் பற்றி எழுதிய புத்தகம் வந்ததிலிருந்து வெள்ளைக்காரர் வரத்து பெருகிய ஊர் இது. நாலில் கடைசியைத்தான் தப்பான இங்கிலீஷ் என்று ஊரே சொல்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பஸ் ஸ்டாண்டில் மூட்டையோடு இறங்கி "ஹோட்டல்" என்று கேட்பவரை நம்மவர் சாப்பாட்டுக் கடை வாசலில் கொண்டுபோய் விடுவார். ஓட்டல் என்றால் காலையில் பொங்கல், மத்தியானம் மீல்ஸ், படுப்பதற்கு லாட்ஜ். வந்தவர் "ரூம்" என்கிறார். கல்லாவில் இருப்பவர் "ஃபேமிலி ரூம் உள்ளே இருக்கு" என்று கை காட்டுகிறார். இருவர் பேசியதும் இங்கிலீஷ்தான். அனுபவப்பட்ட ஆட்டோக்காரர்கள் வண்டியை எடுக்குமுன்பே கேட்டுவிடுகிறார்கள்: "ஸ்லீப்பிங் ஹோட்டலா, ஈட்டிங் ஹோட்டலா?" இதைவிடத் தெளிவான இங்கிலீஷை நான் கேட்டதில்லை.

இங்கிலீஷின் சொந்தக்காரர்களுக்குள் மட்டும் ஒற்றுமையா என்ன? ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்றால் அமெரிக்கருக்குத் தரைத்தளம். பிரிட்டிஷ்காரருக்கும் நமக்கும் மாடி. முழங்கால் வலிக்காரரான அமெரிக்கர் சந்தோஷமாகத் தலையாட்டி அறை எடுத்துவிட்டு, பிறகு படிக்கட்டைப் பார்த்து நிற்பார். பேவ்மென்ட் என்றால் லண்டனில் நடைபாதை, அமெரிக்காவில் தார் ரோடு. நாம் இரண்டையும் விட்டுவிட்டுப் பிளாட்பாரம் என்கிறோம். கிரிவலப் பாதையில் சாமியார்கள் பிளாட்பாரத்தில் படுத்திருக்கிறார்கள் என்று சொன்னால், கேட்பவர் ரயில்வே ஸ்டேஷனுக்குத் தேடிப் போனாலும் போகலாம்.

டிபன் கதை இன்னும் வேடிக்கை. தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னலும், யூல் என்பவரும் சேர்ந்து தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி 1886-இல் வந்தது. அதில் டிபன் என்றால் இந்தியாவிலிருந்த துரைமார் வீட்டு மத்தியானச் சாப்பாடு. துரைமார் போனார்கள், மத்தியானமும் போயிற்று. இங்கே டிபன் காலையிலும் சாயங்காலமும்தான். சோறு வந்துவிட்டால் அது டிபன் இல்லை, சாப்பாடு. மும்பையில் அதே சொல் ஆபீசுக்குப் போகும் அடுக்கு டப்பா. ஸ்காட்லாந்திலோ பிஸ்கட்டை நொறுக்கிச் சாக்லேட் ஊற்றிய இனிப்பு. கோயில் பக்கத்துக் கடையில் "டிபன் ரெடி" போர்டைப் பார்த்து உள்ளே வரும் ஸ்காட்லாந்துக்காரர் முன்னால் ரவா தோசை வந்து உட்கார்ந்தால் யார் மேல் குற்றம்?

ஆட்டோக்காரர் டயர் பஞ்சரானால் கழற்றி மாட்டும் ஸ்டெப்னியும் அப்படித்தான். வேல்ஸில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு உண்டு. காரில் மாற்றுச் சக்கரம் இல்லாத காலத்தில், 1904 வாக்கில், அங்கே அதைச் செய்து விற்றார்கள். இன்று லண்டனில் ஸ்டெப்னி என்றால் ஊரின் கிழக்கே உள்ள ஒரு பேட்டைக்கு வழி சொல்வார்கள். பிரேசிலில் மாற்றுச் சக்கரத்துக்கு இன்றும் எஸ்தெப்பி என்றே பெயர். நம் டிரைவர் அங்கே போய்க் கேட்டால் கிடைத்துவிடும். லண்டனில் கேட்டால்தான் சிரமம்.